சாவி ஆரிட்ட? கொழும்பு அட்வான்ஸ் காசின் சின்ன வரலாறு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகைக்கு இருந்து வெளிக்கிட்ட ஆரிட்டயாவது கேட்டுப் பாருங்கோ: "வீட்டை விடேக்க அட்வான்ஸ் முழுசா வந்ததோ?" முதலில் ஒரு சிரிப்பு வரும். பிறகு கதை வரும். பெயின்ட் அடிக்கவேணும் எண்டு கழிச்சது, கடைசி கரண்ட் பில் வரட்டும் எண்டு நிப்பாட்டி வைச்சது, புது ஆக்கள் வந்து அட்வான்ஸ் தந்தால்தான் உங்கடதைத் தரலாம் எண்டு சொன்னது. கதை எப்பிடிப் போனாலும் முடிவு அநேகமாக ஒண்டுதான்: "சரி விடு, ஆரோட போய்ச் சண்டை பிடிக்கிறது."

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வசனத்தைப் பற்றியது. கலைப்பீடத்தில் படித்துக்கொண்டு, மூன்று நாலு பேராய்ச் சேர்ந்து அனெக்ஸ் எடுத்து இருக்கிற எங்களுக்கு ஆறு மாத வாடகை எண்டது சின்னக் காசு இல்லை. வீட்டில் நகையை அடகு வைத்துத்தான் அது வந்திருக்கும். அப்பிடியிருந்தும் ஏன் சண்டை பிடிக்காமல் விடுகிறோம்? எங்களுக்குத் துணிவு காணாது எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். வீட்டுக்காரருக்கு மனச்சாட்சி இல்லை எண்டு நாங்கள் சொல்லுவோம். ரெண்டு பதிலுமே போதாது எண்டதுதான் நாங்கள் கொஞ்ச நாள் பழைய சட்டங்களையும் கொழும்பின் கதைகளையும் வாசித்த பிறகு வந்த முடிவு. காசு திரும்பி வருமா வராதா எண்டதைத் தீர்மானிக்கிறது, கடைசி நாளன்று ஆர் கையில் என்ன இருக்கு எண்ட விஷயம். அதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

ஒற்றி: காசு வரும்வரை காணி

மொத்தமாக ஒரு தொகையைக் குடுத்து இன்னொருவரின் சொத்தை அனுபவிக்கிறது எங்கட ஆக்களுக்குப் புதிசு இல்லை. யாழ்ப்பாணத்து ஒற்றி அதுதான். காசு தேவைப்பட்ட காணிக்காரர் ஒருவர் இன்னொருவரிட்ட தொகையை வாங்கிக்கொண்டு வயலையோ தோட்டத்தையோ அவரிட்ட விடுவார். காசு குடுத்தவருக்கு வட்டி கிடையாது. அந்தக் காணியின் விளைச்சல்தான் அவருக்கு வட்டி. காணிக்காரர் வாங்கின தொகையைத் திருப்பிக் குடுத்து ஒற்றியை மீட்கும் நாளில் காணி திரும்பிப் போகும். 1707 இல் ஒல்லாந்தருக்காக கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையை எழுத்தில் தொகுத்தபோது ஒற்றிக்கும் அதில் இடம் இருந்தது. 1806 இல் பிரித்தானியர் தேசவழமையைச் சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் இதே முறை வீடுகளுக்கும் வந்தது. ஒத்தி, போக்கியம், இப்ப பேச்சில் 'லீசுக்கு விடுறது'. ஒரு பெரிய தொகையைக் குடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருந்து, வெளிக்கிடும்போது முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு போவது. தென்கொரியாவில் இதுக்கு 'ஜொன்சே' எண்டு பெயர். ஒரு காலத்தில் அந்த நாட்டின் நடுத்தர வர்க்கமே இப்பிடித்தான் வீடெடுத்து வாழ்ந்தது.

ஒற்றி ஏதோ சொர்க்கம் எண்டு சொல்ல வரவில்லை. மீட்க முடியாமல் காணியை நிரந்தரமாக இழந்த ஏழைக் குடும்பங்கள் நிறைய. நாங்கள் கவனிக்கச் சொல்வது ஒரு சின்ன விஷயத்தை: வரிசை. ஒற்றியில் முதலில் காசு திரும்பும், பிறகுதான் காணி திரும்பும். காசு குடுத்தவர் தன்ர கையில் ஒரு பிடியை வைத்திருக்கிறார். "தம்பி, அடுத்த மாசம் பாப்பம்" எண்டு காணிக்காரர் சொன்னால், "சரி அண்ணை, அடுத்த மாசம்வரை நானே தோட்டம் செய்யிறன்" எண்டு அவர் சொல்லலாம்.

கொழும்பு அட்வான்ஸில் இந்த வரிசை தலைகீழ். முதலில் வீட்டை ஒதுக்கி, கூட்டி, சாவியைக் குடுக்கவேணும். பிறகு காசைக் கேட்கவேணும். கேட்கிற நேரத்தில் எங்கட கையில் ஒண்டும் இல்லை.

ஆனால் கொழும்பிலும் ஒரு காலத்தில் வாடகைக்காரரின் கையில் பிடி இருந்தது. அதைக் குடுத்தது ஒரு யுத்தம்.

1942 முதல் 1972 வரை

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. யப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. யுத்தகாலக் கொழும்பில் சாமான் விலையோடு வீட்டு வாடகையும் பெரிய பிரச்சினை. அதே ஆண்டு 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. வாடகையை யுத்தத்துக்கு முந்தின மட்டத்தில் பிடித்து வைப்பது நோக்கம். யுத்தம் முடிந்தது, சட்டம் முடியவில்லை. சுதந்திரம் கிடைத்த 1948 இல் அது 29ஆம் இலக்கச் சட்டமாகப் புதிதாக எழுதப்பட்டது.

அந்தக் காலத்து வெள்ளவத்தையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கோ. நெசவாலைக்குப் பக்கத்தில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில், ஓட்டு வீடுகளும் முற்றமும் கொண்ட ஒழுங்கைகள். யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த கிளாக்கர்மார், ஆசிரியர்மார், டொக்டர்மார் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தார்கள். வடக்கே கொட்டாஞ்சேனையில் நிலைமை வேறு. துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் வேலை செய்தவர்கள் 'தோட்டம்' எண்டு சொல்லப்படுகிற வளவுகளில், ஒரே சுவரைப் பகிர்ந்த வரிசை வீடுகளில் இருந்தார்கள். ஒரு பைப், ஒரு கக்கூஸ், இருபது குடும்பம். ரெண்டு இடத்தாரும் ஒரே சட்டத்தின் கீழ் வாடகைக்காரர்.

இந்தச் சட்டம் உச்சத்தைத் தொட்டது சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில். வீடமைப்பு அமைச்சர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன். 1972 இன் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின்படி வாடகைக்காரரை எழுப்ப வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குப் போகவேணும், சட்டம் சொன்ன காரணங்களில் ஒன்றைக் காட்டவேணும். மாதம் 100 ரூபாவுக்கு மேற்படாத வாடகை வீடுகளுக்குப் பாதுகாப்பு இன்னும் இறுக்கம். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் உள்ளூராட்சி சபையில் கட்டலாம், அது அவரிட்டயே கட்டினதாகக் கணக்கு. எங்கட கதைக்கு முக்கியமானது இதுதான்: மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்கக்கூடாது. வாடகைக்கு மேலதிகமாக வேறெந்தப் பெயரிலும் காசு வாங்கக்கூடாது. அடுத்த ஆண்டு வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், ஒரு குடும்பம் எத்தனை வீடு வைத்திருக்கலாம் எண்டதுக்கே எல்லை போட்டது. மிஞ்சின வீடுகள் அரசிடம் போயின. அவற்றில் இருந்த வாடகைக்காரர் பலர் அதையே வாங்கிச் சொந்தக்காரர் ஆனார்கள்.

இப்ப வாசிக்க நம்ப முடியாமல் இருக்கு. கொழும்பில் மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் கேட்பதைச் சட்டமே தடுத்திருந்தது.

ஆனால் ஒரு பக்கக் கதை சொன்னால் அது வரலாறு இல்லை. இந்தச் சட்டத்தால் நொந்த வீட்டுக்காரரும் இருந்தார்கள். ஒரேயொரு வீட்டை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் கூரை ஓடு மாற்றவும் முடியாமல், தன்ர பிள்ளை கலியாணம் கட்டினபோதும் வீட்டைத் திரும்ப எடுக்க முடியாமல் பத்து இருபது வருஷம் நீதிமன்றத்துக்கு அலைந்தவர்கள். வாடகைக்கு விடுவதுக்கெண்டு வீடு கட்ட ஆட்கள் பயந்தார்கள். சட்டம் வாசலில் தடுத்த காசு பின்வாசலால் வந்தது. அதுக்குப் பெயர் 'கீ மணி'. சாவியைத் தருவதுக்கு ஒரு தொகை. சட்டவிரோதம் எண்டபடியால் பற்றுச்சீட்டு இல்லை. பற்றுச்சீட்டு இல்லாதபடியால் திருப்பிக் கேட்கவும் முடியாது. புறக்கோட்டைக் கடைகள் விஷயத்தில் இந்தச் சொல் இன்றைக்கும் உயிரோடு இருக்கு. கொழும்பில் வீட்டுக்காசு எண்டாலே எழுத்தில் இல்லாமல் கைமாறுகிற பழக்கத்தில் கீ மணிக்கும் ஒரு பங்கு இருக்கு எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம்.

புது வீட்டுக்குச் சட்டம் இல்லை

1977 இல் ஆட்சி மாறியது, திறந்த பொருளாதாரம் வந்தது. புதிசாய் வீடு கட்டுகிறவர்களை ஊக்குவிக்கவேணும் எண்டது புது அரசின் வாதம். 1980 இன் 55ஆம் இலக்கத் திருத்தம் உட்பட அந்தக் கால மாற்றங்கள், புதிதாகக் கட்டி வாடகைக்கு விடும் குடியிருப்பு வீடுகளை வாடகைச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தன. 2002 இன் திருத்தம் அந்தக் கதவை இன்னும் அகலமாகத் திறந்தது. பழைய சட்டத்தை ஆரும் முழுசாகத் தூக்கி எறியவில்லை. பழைய வீடுகளோடு சேர்த்து அதையும் வயசுபோக விட்டார்கள்.

இதுக்கு நடுவில் 1983 ஜூலை. வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கும்பல்கள் வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்குள் வந்தன. இடாப்பில் பெயரும் விலாசமும்தான் இருக்கும். சொந்த வீடா வாடகை வீடா எண்டது இருக்காது. சிங்களவருக்குச் சொந்தமான வீட்டில் தமிழர் வாடகைக்கு இருந்தால், வீட்டை விட்டுவிட்டுச் சாமான்களை மட்டும் றோட்டுக்கு இழுத்து எரித்த சம்பவங்களும் பதிவாகியிருக்கு. அகதி முகாமுக்கும், பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கும் போனவர்களில் எத்தனை பேர் வீட்டுக்காரரிட்டப் போய் அட்வான்ஸைப் பற்றிக் கேட்டிருப்பினம்? உயிர் தப்பினது போதும் எண்டிருந்த நேரம் அது. "ஆரோட போய்ச் சண்டை பிடிக்கிறது" எண்ட வசனத்துக்கு அந்த ஜூலையிலும் ஒரு வேர் இருக்கு.

திரும்பி வந்தவர்களும், தொண்ணூறுகளில் யுத்தத்தால் புதிதாக வந்தவர்களும் வெள்ளவத்தையை மறுபடி நிரப்பினார்கள். முற்றம் வைத்த வீடுகள் ஒண்டொண்டாய் இடிபட்டு மாடிகள் எழும்பின. இப்ப காலி வீதியிலிருந்து மரைன் டிரைவ் வரை நடந்தால் எந்த ஒழுங்கையிலும் ஐந்தாறு மாடி பிளாட்ஸ்தான். அதாவது இன்றைக்கு எங்கட வயசு ஆக்கள் வாடகைக்கு எடுக்கிற வீடுகளில் பெரும்பகுதி 1980 க்குப் பிறகு கட்டினவை. மூன்று மாத எல்லை இவற்றுக்குப் பொருந்தாது. ஆறு மாதம், ஒரு வருஷம் எண்டு கேட்பது கூடாத காரியமாக இருக்கலாம், சட்டவிரோதம் இல்லை.

சரி, அக்ரிமென்ட் இருக்குத்தானே எண்டு கேட்பீங்கள். அங்கேயும் ஒரு பழைய சட்டம் குறுக்கே நிக்குது. 1840 இன் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எழுத்தில் இருக்கவேணும், நொத்தாரிசுக்கும் ரெண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தாகவேணும். கொமியூனிகேஷனில் டைப் பண்ணி, முத்திரை ஒட்டி, வீட்டுக்காரரும் நாங்களும் மட்டும் கையெழுத்துப் போட்ட ஒரு வருஷ அக்ரிமென்ட், குத்தகை எண்ட வகையில் அந்தச் சட்டத்தின் முன் நிக்காது. காசு குடுத்ததுக்கு அது ஒரு சாட்சியாக உதவலாம், அவ்வளவுதான். நூற்றியெண்பது வருஷத்துக்கு மேலாகச் சட்டம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கு. நொத்தாரிசுச் செலவை மிச்சம் பிடிக்க ரெண்டு தரப்பும் இதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கு.

பதிவுத் துண்டு

கொழும்பில் தமிழ் வாடகைக்காரருக்கு மட்டும் உரிய இன்னொரு காகிதம் இருந்தது: பொலிஸ் பதிவு. யுத்த காலத்தில் வடக்குக் கிழக்கிலிருந்து வந்து தங்கும் ஆக்கள் பொலிஸில் பதியவேணும். அந்தப் படிவத்துக்கு வீட்டுக்காரரின் கையெழுத்து வேணும். பதிவு இல்லாமல் சுற்றிவளைப்பில் அகப்பட்டால் இரவு பொலிஸ் நிலையத்தில்தான். 2008 செப்டெம்பரில்கூட, முந்தின ஐந்து வருஷத்துக்குள் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்த எல்லாரையும் வந்து பதியச் சொன்னார்கள்.

இதை அட்வான்ஸோடு சேர்த்து யோசியுங்கோ. எங்கட காசு வீட்டுக்காரரிட்ட. எங்கட பதிவுக்கான கையெழுத்தும் அவரிட்ட. அவரோட ஆறு மாதக் காசுக்காக முகம் முறிக்க ஆருக்கு மனம் வரும்? இதில் சங்கடமான உண்மை ஒண்டும் இருக்கு. வெள்ளவத்தையில் அந்தக் கையெழுத்தைப் போட்ட வீட்டுக்காரரில் நிறையப் பேர் தமிழர்தான். பயந்து பயந்து ஆக்களுக்கு இடம் குடுத்துக் காப்பாற்றினவர்களும் அவர்களில் இருந்தார்கள். பயத்தைப் பார்த்து வாடகையை ஏற்றினவர்களும் இருந்தார்கள். ஒரே ஆளே ரெண்டும் செய்ததும் உண்டு.

தென்கொரியாவில் நடக்கிறது இதுக்கு நேரெதிர். அங்கே குடிவந்த வாடகைக்காரர் உள்ளூர் அலுவலகத்தில் பதிந்து, தன்ர ஒப்பந்தத்தில் திகதி முத்திரை வாங்கினால், வீடு கடனில் ஏலம் போனாலும் பதிவின் வரிசைப்படி அவரின் முற்பணத்துக்கு முன்னுரிமை கிடைக்கும். அங்கே பதிவு வாடகைக்காரரின் காசைக் காக்கிறதுக்கு. எங்களுக்கு நடந்த பதிவு எங்களைக் கண்காணிக்கிறதுக்கு.

அது எங்கே போய் முடிந்தது எண்டது 2007 ஜூன் 7 அன்று தெரிந்தது. விடியமுதல் பொலிஸார் கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தைப் பக்கத்து லொட்ஜுகளுக்குள் போய்த் தமிழர்களை எழுப்பி, சாமானைக் கட்டச் சொல்லி, பஸ்களில் ஏற்றினார்கள். 376 பேர், அதில் 85 பேர் பெண்கள். வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். கொழும்பில் தங்குவதுக்குச் 'சரியான காரணம்' இல்லை எண்டது சொல்லப்பட்ட நியாயம். பெரும்பாலானவர்களை வவுனியாவுக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். அடுத்த நாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில் உயர் நீதிமன்றம் வெளியேற்றத்தை நிறுத்தி இடைக்கால உத்தரவு போட்டது. ஜூன் 10 அன்று பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். ஒரு பகுதியினர் பஸ்ஸில் திரும்பவும் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

அரசியலமைப்பின் 14(1)(ஏ) உறுப்புரை, இலங்கைக்குள் நடமாடவும் விரும்பின இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு பிரஜைக்கும் சுதந்திரம் உண்டு எண்டு சொல்லுது. அந்த வார நாட்களில் எல்லாரும் பேசினது அந்தச் சுதந்திரத்தைப் பற்றி. பேசவேண்டியதும் அதுதான். ஆனால் கொழும்பில் வசிக்கிற சுதந்திரம் எண்டது கடைசியில் ஒரு அறை, ஒரு கட்டில், முன்கூட்டிக் கட்டின வாடகை. அரை மணித்தியாலத்துக்குள் எழுப்பி ஏற்றப்படக்கூடிய ஒரு மனுசருக்கு வாடகைக்காரர் எண்ட பெயர் எந்தளவுக்குப் பொருந்தும்? இண்டைக்கும் எங்கட அம்மா அப்பாமார் "வீட்டுக்காரரோட கொழுவாத" எண்டு போனில் சொல்லுறது இந்த நினைவிலிருந்துதான் வருகுது. அது கோழைத்தனம் எண்டு நாங்கள் நினைக்கவில்லை. அவர்கள் வாழ்ந்த கொழும்பில் அது சரியான கணக்கு.

அதே 2007 ஏப்ரலில், அதாவது ரெண்டு மாதத்துக்கு முதல், இங்கிலாந்தில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்காரர் வாடகை முற்பணத்தை அரசு அங்கீகரித்த ஒரு திட்டத்தின் கீழ் பாதுகாக்கவேணும். பாதுகாக்காவிட்டால் வாடகைக்காரருக்கு அந்தத் தொகையின் மூன்று மடங்கு வரை கட்டவேண்டி வரலாம். லண்டனில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிற எங்கட மாமாமாருக்கு இந்த விதி தண்ணிபட்ட பாடு. அதே மாமாவின் வெள்ளவத்தை பிளாட்டில் இருக்கிற பிள்ளைகளின் அட்வான்ஸ் மட்டும் ஒரு விதியும் இல்லாமல் கிடக்கு.

வந்தாலும் வராத காசு

யுத்தம் முடிந்தது. பஸ் ஏற்றுகிற பயம் குறைந்தது. பிடி மட்டும் எங்கட கைக்குத் திரும்பி வரவில்லை. எங்கட அனுபவத்தையே சொல்லலாம். நாங்கள் முதலில் இருந்த அனெக்ஸை விட்டபோது வீட்டுக்காரரம்மா எங்களோட அன்பாய்த்தான் கதைச்சா, தேத்தண்ணியும் தந்தா. "பிள்ளையள், பெயின்ட் காசைக் கழிச்சிட்டு அடுத்த கிழமை போட்டுவிடுறன்" எண்டா. நாலு மாதம் கழிச்சுப் பாதிதான் வந்தது. பெயின்ட் ஆரும் அடிக்கவில்லை, அடுத்த ஆக்கள் அதே சுவரோட குடிவந்தார்கள். அவவைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. எங்கட காசை அவ ஏற்கெனவே மகளின்ர விசா அலுவலுக்குச் செலவழிச்சிருந்தா. அட்வான்ஸ் எண்டது பெட்டிக்குள் வைக்கிற காசு எண்டு அவவுக்கு ஆரும் சொல்லித் தரவில்லை, எந்தச் சட்டமும் கேட்கவுமில்லை.

முழுசாய் வந்தாலும் பிரச்சினை தீராது எண்டதை 2022 காட்டியது. அந்த ஆண்டு பெப்ரவரியில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா ஆனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். கணக்குக்கு எடுப்போம்: பெப்ரவரியில் 3 இலட்சம் அட்வான்ஸ் குடுத்த ஒருவர் 1,500 டொலர் பெறுமதியைக் குடுத்தார். அதே 3 இலட்சத்தை ஒரு சதமும் கழிக்காமல் மே முடிவில் வாங்கினாலும் அவர் கைக்கு வந்தது 833 டொலர். அந்த நாட்களில் வங்கிகள் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி குடுத்தன. வட்டி வீட்டுக்காரருக்கு, நட்டம் எங்களுக்கு. ஒற்றியில் காசு குடுத்தவருக்குக் காணியின் விளைச்சலாவது இருந்தது. நாங்கள் அட்வான்ஸும் குடுத்து மாதா மாதம் வாடகையும் கட்டுகிறோம்.

2023 இல் பாராளுமன்றம் அந்த ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. குத்தகைக்கு விட்ட இடத்தை வீட்டுக்காரர் நீதிமன்றம் மூலம் விரைவாக மீளப் பெறுவதுக்கான சட்டம் அது. பழைய வாடகை வழக்குகள் இழுபட்ட கதையைப் பார்த்தால் அதுக்கொரு நியாயம் இருக்கு. ஆனால் வாடகைக்காரர் தன்ர முற்பணத்தை விரைவாக மீளப் பெறுவதுக்கெண்டு அதுக்குச் சோடியாய் ஒரு வழி அதோட வரவில்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முற்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது எண்டு எழுதி வைத்திருக்கு. அந்த மூன்று மாதக் கணக்கு 1972 இல் எங்களிட்டயே இருந்தது.

இப்ப என்ன செய்யலாம்

கொழும்பு வாடகைக்காரர் தாங்களாகவே கண்டுபிடிச்ச ஒரு வழி எல்லாருக்கும் தெரியும்: வெளிக்கிட முதல் கடைசி மூன்று மாத வாடகையைக் கட்டாமல் "அட்வான்ஸில கழிச்சுக்கொள்ளுங்கோ" எண்டு சொல்லுறது. நாங்கள் இதைப் பார்த்தபோது ஒற்றிதான் ஞாபகம் வந்தது. காசு கைக்கு வரும்வரை வீட்டைப் பிடிச்சு வைச்சிருக்கிற அதே பழைய புத்தி. ஆனால் வாடகை கட்டாதது ஒப்பந்த மீறலாகி வீட்டுக்காரரின் பக்கத்தை வலுவாக்கலாம். ஆகவே இதைச் செய்யிறதெண்டால் முதலே எழுத்தில் அவரின் சம்மதத்தை வாங்குங்கோ. கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழிப்பம் எண்டு அக்ரிமென்டிலேயே ஒரு வரி போட்டால் இன்னும் நல்லது. நாங்கள் இப்ப இருக்கிற வீட்டில் கேட்டோம். அந்த ஐயா கொஞ்சம் யோசிச்சுவிட்டு ரெண்டு மாதத்துக்கு ஓம் எண்டார். கேட்டால் கிடைக்கும் எண்டு நினைச்சிருக்கவே இல்லை.

மற்றது, ஒரு வருஷம் இருக்கப்போறம் எண்டால் நாலு பேராய்ச் சேர்ந்து நொத்தாரிசுச் செலவைப் பகிர்ந்து முறையாய் எழுதுங்கோ. அட்வான்ஸைக் கையில் குடுக்காமல் வங்கியால் போடுங்கோ, என்ன காசு எண்டதையும் அதில் குறிப்பிடுங்கோ. குடிபோற அன்றைக்கே சுவர், பைப், ஜன்னல் எல்லாத்தையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பி வையுங்கோ. காசு வராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கு. 1988 இன் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது அது. சின்னத் தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்கு முதல் அங்கேதான் போகவேணும். அங்கே சட்டத்தரணி வைக்க ஏலாது, அதனால் அந்தச் செலவும் இல்லை. வீட்டுக்காரரும் நாங்களும் ஒரே மேசையில் இருந்து கதைக்கவேணும். அந்த மேசைக்குப் போறது கொழுவல் இல்லை எண்டு முதலில் எங்கட அம்மாமாருக்கு விளங்கப்படுத்தவேணும்.

இதெல்லாம் ஆளாளுக்குச் செய்யக்கூடியவை. எல்லாருக்குமாய்க் கேட்கவேண்டியது ஒண்டு இருக்கு. முற்பணத்தை வீட்டுக்காரரும் தொடாமல் வாடகைக்காரரும் தொடாமல் மூன்றாவது இடம் ஒண்டில், ஒரு வங்கியிலோ மாநகர சபையிலோ, வட்டியோட வைக்கிற சட்டம். வாடகையையே உள்ளூராட்சி சபையில் கட்ட 1972 இல் வழி இருந்த நாட்டில் இது நடக்காத காரியம் இல்லை. அப்பிடி வந்தால் வெளிக்கிடுகிற அன்றைக்குச் சாவியும் காசும் ஒரே நேரத்தில் கைமாறும், வீட்டுக்காரரம்மாவோட தேத்தண்ணி குடிக்கிறதும் கொஞ்சம் நிம்மதியாய் இருக்கும்.

அதுவரைக்கும், இதை வாசிக்கிற நீங்கள் உங்கட அக்ரிமென்டை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. அட்வான்ஸை எத்தனை நாளுக்குள் திருப்பித் தரவேணும் எண்டு அதில் எழுதியிருக்கோ?